லோதி ரோட்டில் ஒரு கிலோ

டெல்லி லோதி ரோட்டில் மௌசம் பவன் இருக்கிறது. 1875இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் அது. அந்தத் துறையினர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பாதரச அழுத்தமானியில் ஒரு வழக்கம் உண்டு: குழாயில் கண்ட உயரத்தை அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிடக் கூடாது. காற்றின் அழுத்தத்துக்குப் பாதரசத்தின் எடை ஈடுகொடுக்கும் உயரத்தைத்தான் அந்தக் குழாய் காட்டுகிறது. பாதரசத்தின் எடையோ ஊருக்கு ஊர் மாறும்.

உலகம் பொதுவாக வைத்துக்கொண்ட ஈர்ப்பு முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.80665 மீட்டர். டெல்லியில் அது சுமார் 9.79தான். பூமி இங்கே கொஞ்சம் தளர்வாக இழுப்பதால், அதே அழுத்தத்துக்கு ஈடாகப் பாதரசம் கொஞ்சம் கூடுதலாக ஏறி நிற்கும். 760 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும். சென்னையில் 1.8 மில்லிமீட்டர் அளவு. அந்தக் கூடுதலைக் கழித்தால்தான் இரண்டு ஊர்களின் அழுத்தமும் ஒரே வரைபடத்தில் உட்காரும். இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பூமியின் இழுப்பு மட்டும் மாறவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? பூமி சுழல்கிறது. சுழற்சியால் நடுவில் புடைத்திருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோடு, துருவத்தைவிட 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மையம் தூரமாகிறது, சுழற்சியும் நம்மை வெளிப்பக்கம் தள்ளுகிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது, டெல்லி 28 பாகையைத் தாண்டி. அதனால் சென்னையில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே டெல்லிக்குக் கொண்டுவந்து பத்துச் சவரன் நகையை வைத்தால், ஏறத்தாழ 70 மில்லிகிராம் கூடக் காட்டும். தங்கம் ஒரு துளியும் கூடவில்லை. கூடியது பூமியின் பிடி. நாம் நிற்கும் மண் நம்மை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்குக்கூடப் படைப்பில் ஊர்வாரியாகக் கணக்கு இருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் அதே நகையைத் தட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். சென்னையில் சமன்பட்ட படிக்கற்கள் டெல்லியிலும் சமன்படும். இரண்டு தட்டையும் ஒரே பூமி ஒரே அளவில் இழுப்பதால் ஊரின் பங்கு கழிந்துபோகிறது. மிஞ்சுவது பொருளுக்கே சொந்தமான ஒன்று. அதுதான் நிறை. டெல்லி பூசாவில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த 57ஆம் எண் கிலோகிராம் பாதுகாக்கப்படுகிறது. நாட்டின் படிக்கற்களுக்கெல்லாம் அதுவே மூலமாக இருந்தது. 2019 மே 20 முதல் உலகம் உலோகக் கட்டியை நம்புவதையே விட்டு, எங்கும் மாறாத பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோவை வரையறுக்கிறது.

2023 ஆகஸ்டில் சந்திரனில் இறங்கிய பிரக்யான் ஊர்தி 26 கிலோ. அங்கே அதன் எடை ஆறில் ஒரு பங்குதான். ஆனால் ஓடும் ஊர்தியை நிறுத்த எவ்வளவு முயற்சி இங்கே வேண்டுமோ, அவ்வளவு அங்கேயும் வேண்டும். 2025இல் சுபான்ஷு சுக்லா தங்கிவந்த விண்வெளி நிலையத்தில் எடை காட்டும் தராசுக்கு வேலையே இல்லை. அங்கே பூமியின் இழுப்பு இல்லாமல் போய்விடவில்லை. 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை. ஆகவே ஆளைச் சுருள்வில்லோடு சேர்த்து ஆடவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து நிறையைக் கணக்கிடும் கருவி அங்கே உண்டு. நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும்.

என்னை எல்லாவற்றையும்விட மலைக்கவைப்பது இதுதான். தள்ளும்போது எதிர்த்து நிற்கும் நிறை ஒன்று. பூமி இழுக்கும்போது அதற்கு இணங்கும் நிறை ஒன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? 2016இல் ஏவப்பட்ட பிரெஞ்சு செயற்கைக்கோளான மைக்ரோஸ்கோப், டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் விழவிட்டு ஒப்பிட்டது. 2022இல் வந்த இறுதி முடிவில், ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு நுட்பம் வரை துருவியும் வேறுபாடு தென்படவில்லை. ஐன்ஸ்டைன் தன் ஈர்ப்புக் கொள்கையை எழுப்பியதே இந்த ஒற்றுமையின் மேல்தான்.

லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று நடக்கிறது. அங்கும் மற்ற பள்ளிகளிலும் அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிறைக்கும் எடைக்கும் வரையறை எழுதவைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தட்டுத் தராசையும் சுருள்வில் தராசையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சந்திரனுக்குக் கொண்டுபோனால் எது மாறும், எது மாறாது என்று அவர்களே சொல்லட்டும்.