ஊர் சுற்றுவதும் படிப்புத்தான்!

"லீவுக்கு வந்த பெண் வீட்டில் தங்கவே மாட்டேன் என்கிறாளே, இந்த வெயிலில் அப்படி எங்கேதான் சுற்றுகிறாள்?" எங்கள் கண்ணமங்கலத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் பாக்கி இல்லை. கட்டடக் கலை படிக்கிற பெண் உங்கள் வீட்டில் இருந்தால், உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பதில் வேண்டாமா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். என் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஆர்க். மூன்றாவது வருஷம் படிக்கிறாள். ஐந்து வருஷப் படிப்பு. டாக்டருக்குப் படிக்கிறவள் நோயாளியைப் பார்க்காமல் படிக்க முடியுமா? அதே மாதிரி இவள் கட்டடங்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாதாம். டேப் வைத்து அளந்து, அளந்ததைக் காகிதத்தில் வரைய வேண்டும். இதற்குப் பாடத்திலேயே இடம் உண்டு.

இத்தாலிக்குப் போய் இந்தப் படிப்பைப் படிக்கிறவர்கள், லீவு நாள் வந்தால் ரயிலேறி ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று காலையில் போய் இரவில் திரும்புவார்களாம். "நமக்கு இத்தாலி எதுக்கும்மா? ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கோம். நாலு பக்கமும் பஸ் இருக்கு. எந்தப் பக்கம் போனாலும் பார்க்க ஏதாவது இருக்கு" என்றாள் என் மகள்.

என் மாமியாருக்கு இதில் சம்மதமே இல்லை. "வயசுப் பொண்ணு தனியா போவறதா?" என்று ஒரே பிடிவாதம். அளப்பதென்றால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளாக நானே கிளம்பிவிட்டேன். அத்தையின் கவலையும் தீர்ந்தது, எனக்கும் நாலு இடம் பார்த்த மாதிரி ஆயிற்று!

வேலூர்க் கோட்டையில்...

முதலில் போனது வேலூர்க் கோட்டை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு என்று எத்தனையோ தடவை அந்த அகழியைத் தாண்டிப் போயிருக்கிறேன். 16-ம் நூற்றாண்டுக் கோட்டை, 1806-ம் வருஷம் ஜூலை 10-ம் தேதி சிப்பாய்கள் வெள்ளைக்காரரை எதிர்த்து எழுந்த இடம் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வெகு காலம் சாமியே இல்லாமல் இருந்து, 1981-ல்தான் மறுபடி லிங்கம் வைத்துப் பூஜை ஆரம்பித்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

அங்கே என் மகள் பார்த்தது வேறு. கல்யாண மண்டபத்தில் ஒரு தூணின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். பின்னங்காலில் எழும்பி நிற்கிற விலங்கு, அதன் மேல் வீரன், அடியில் இன்னோர் உருவம். "போட்டோ எடுத்தா ஒரு நிமிஷம். வரையறப்பதான் எது எதைத் தாங்குதுன்னு புரியும்மா" என்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூரையில் தாமரைப் பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. எத்தனை தடவை அந்த மண்டபத்தில் நின்றிருப்பேன்! ஒரு நாளாவது நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்ததா நமக்கு?

"புதையல் தேடறீங்களா?"

இரண்டாவது பயணம் படவேடு. ரேணுகாம்பாள் அம்மனுக்குப் பொங்கல் வைக்க ஆடி மாதம் போகிறோமே, அதே படவேடுதான். சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்த ஊர் அது. வாழைத் தோப்புகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே இத்தனை கோயில்கள் எப்படி வந்தன என்பதற்கு அதுதான் விடை. சிதைந்து கிடந்த கோயில்கள் பலவற்றை 1990-களிலிருந்து டி.வி.எஸ். நிறுவனத்தாரின் உதவியோடு திருப்பணி செய்திருக்கிறார்கள். யோக ராமர் கோயிலில் ராமர் கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. யோகத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமார் ஓலைச்சுவடி வைத்துப் படிக்கிறார்!

ஒரு பழைய சுவர் ஓரமாக நாங்கள் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புதையல் கிதையல் தேடறீங்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மகளோ விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது அதற்குக் காரணம் சொன்னாள்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் மேல் மலை போல ஒரு குவிமாடம் இருக்கிறதாம். அதைக் கட்டியவர் புருனெல்லெஸ்கி. 1420-ல் ஆரம்பித்து 1436-ல் முடித்தார். அதற்கு முன்னால் அவர் ரோமாபுரிக்குப் போய், இடிந்து கிடந்த பழைய கட்டடங்களைத் தோண்டித் தோண்டி அளந்துகொண்டிருந்தாராம். பார்த்த ஜனங்கள் 'புதையல் தேடுகிற ஆள்' என்றே பேசிக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அறுநூறு வருஷம் கழிந்து, கடல் தாண்டி, நம் படவேட்டிலும் அதே கேள்வி! யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா கேட்டதில் தப்பும் இல்லை. தேடியது புதையல்தானே!

கட்டச் சொன்னவளும் ஒரு பெண்

மூன்றாவதாகப் போனது போளூருக்குப் பக்கத்தில், வடமாதிமங்கலத்தை ஒட்டிய திருமலை. சமணர்களின் பழமையான தலம். ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பெயரால் அங்கே ஒரு ஜினாலயம் இருக்கிறது. மலையில் நேமிநாதர் உருவம் ஏறத்தாழ 16 அடி உயரத்துக்குப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறது. குகை அறைகளில் பழைய ஓவியங்கள். ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போன சேதியைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் இந்த மலையில்தான் இருக்கிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் தன் பெயர் நிற்கும்படி கட்டடம் எழுப்பச் செய்திருக்கிறாள். கட்டச் சொல்லலாம், ஆனால் கட்டத் திட்டம் போடப் பெண்ணுக்குத் தெரியாது என்று பிற்பாடு யார் சொன்னார்களோ! பம்பாயில் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்து 1936-ல் பட்டயம் பெற்ற பெரின் ஜம்ஷெட்ஜி மிஸ்திரியைத்தான் இந்தியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர் என்கிறார்கள். "பொண்ணுக்கு எதுக்குச் செங்கல், சிமெண்ட் படிப்பு?" என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

நிழல் சொல்லும் மணி

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். அங்கே பிராகாரத்தில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் செதுக்கிய கல். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணின் மேல் விழுகிறதோ அதுதான் மணி. சாவி கொடுக்க வேண்டாம், பாட்டரி மாற்ற வேண்டாம்!

இந்தக் கல்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா? சொல்கிறேன்.

எங்களுடையது நடுவில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகுகிறது. மலையிலிருந்து குரங்குகள் முற்றத்து வழியாக இறங்கிச் சோற்றுப் பானை வரை வந்துவிடுகின்றன. "முற்றத்தை மூடி கான்க்ரீட் போட்டுவிடலாம். ஒரு ரூமும் கிடைக்கும்" என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்து, மேஸ்திரியிடமும் பேசியாயிற்று.

விரிஞ்சிபுரம் போய்வந்த மறுநாள், என் மகள் கோலமாவை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஒவ்வொரு நேரமும் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கோடு போட்டாள். கூடத்தில் ஒன்றும் மாடி அறையில் ஒன்றுமாக இரண்டு தெர்மாமீட்டர் மாட்டினாள். மாடி அறை கான்க்ரீட். உச்சி வெயிலில் அங்கே உட்கார முடியாதபோது, கூடத்தில் அத்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சூடான காற்று மேலே ஏறி முற்றத்தின் வழியாக வெளியே போய்விடுகிறது, அந்த இடத்துக்குத் திண்ணைப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது, கூடத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் வெளிச்சம் முற்றத்திலிருந்துதான் என்பதைப் படமாக வரைந்து அப்பாவிடம் நீட்டினாள்.

வாய்ப் பேச்சாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா, தெரியாது. அளவு போட்ட படம் ஆயிற்றே! மேஸ்திரியும் பார்த்துவிட்டு, "பாப்பா சொல்றது சரிதாங்க" என்றார். முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டோம். உடைந்த ஓடுகளை மாற்றி, உளுத்த மரச் சட்டங்களையும் மாற்றினோம். குரங்கும் வரவில்லை, வெளிச்சமும் போகவில்லை. கேட்ட அறையைக் கொல்லைப் பக்கம் கட்டிக்கொண்டோம்.

சமையல் மேடையும் ஓர் அளவுதான்

அளக்கிற கை சும்மா இருக்குமா? அடுத்து என்னையே அளக்க ஆரம்பித்தாள். என் உயரம் 4 அடி 11 அங்குலம். நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை, தரையிலிருந்து 37 அங்குலத்தில் இருக்கிறது. சமையல் மேடையோ 36 அங்குலம். அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் குக்கர்! கிளறும்போதெல்லாம் தோளைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன். தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்ததுதான் மிச்சம்.

காய் நறுக்குகிற மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருப்பது நல்லது. அடுப்பு வைக்கிற இடம் அதைவிட இன்னும் கொஞ்சம் இறக்கமாக இருக்கலாம். புது வீடு கட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் மேடை போடுவார். அந்த வீட்டில் சமைக்கிறவளின் முழங்கையை அளந்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மேடையை உடைக்க முடியாதவர்கள், காய் நறுக்குவதையாவது உயரம் குறைந்த மேஜைக்கு மாற்றிக்கொள்ளலாம். கால் கீழே பலகை போட்டு நிற்க வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தோடு தடுக்கி விழுந்தால் ஆபத்து.

அப்படியே பாட்டியின் குளியலறைக்கும் ஒரு கைப்பிடிக் கம்பி வந்தது. கோயில் படிகளை அளந்தபோது, உயரமான படியில் வயதானவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாளாம்! தனியாகப் போவறதா என்று தடுத்த அத்தைதான் இப்போது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எம் பேத்தி போட்டது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

அனுப்புமுன் அம்மாக்கள் கவனிக்க

எங்கள் அனுபவத்தில் சில யோசனைகள்:

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, பதினொரு மணிக்குள் வெளியில் அளக்கிற வேலையை முடித்துவிட்டு, உச்சி வெயிலில் மண்டப நிழலில் உட்கார்ந்து வரையட்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

டேப், நோட்டு, பென்சில், தொப்பி அல்லது குடை, கனமான செருப்பு இவை அவசியம். வெயில் காலத்தில் புளிசாதம் கெடாது. தண்ணீரோடு ஒரு பாட்டில் உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. வெளியூரில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் வழக்கம். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காததும் நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். போகிற இடத்தில் பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம்.

தொல்லியல் துறையின் கீழ் உள்ள இடங்களிலும் கோயில்களிலும் அங்கே இருப்பவர்களிடம் அனுமதி கேட்டு அளக்க வேண்டும். கல்லூரிக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. கருவறைப் பக்கம் டேப்பை எடுக்கவே கூடாது. ஓவியத்தைத் தொடக்கூடாது.

கூடப் போக உங்களுக்கு முடியாவிட்டால் இரண்டு, மூன்று தோழிகளாகச் சேர்த்து அனுப்புங்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "போகாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோட்டையும் கோயிலும் அளந்த கைதான் நாளைக்கு நாம் நின்று சமைக்கிற மேடையையும், நம் வீட்டுப் பெரியவர்கள் ஏறுகிற படியையும் அளந்து கட்டப் போகிறது.