விவிலியத்தில் செல்வம், செருக்கு, பணிவு: லூக்கா நற்செய்தி வழி ஒரு விளக்கம்

முன்னுரை

செல்வம் குறித்து விவிலியம் கூறுவனவற்றைத் தொகுத்துக் காண்போர்க்கு முதற்கண் ஒரு முரண் தோன்றும். ஆபிரகாம் கால்நடையும் வெள்ளியும் பொன்னும் மிக உடையவர் என்று ஆதியாகமம் கூறுகின்றது. அவ்வளம் இறைவன் அளித்த ஆசியாகவே அங்குக் காட்டப்படுகின்றது. லூக்கா நற்செய்தியிலோ செல்வரை நோக்கிய கடுமையான எச்சரிக்கை ஒலிக்கின்றது. இம்முரணை ஆராயாது விடின், 'விவிலியம் செல்வத்தைப் பழிக்கின்றது' என்னும் எளிய முடிவோடு மாணவர் நின்றுவிடுவர். விவிலியத்தின் கண்டனம் செல்வம் வளர்க்கும் செருக்கின் மீதே முதன்மையாக விழுகின்றது என்பதையும், அச்செருக்கு செல்வரிடம் மட்டும் காணப்படுவதன்று என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

மறதியே செருக்கின் தொடக்கம்

இக்கருத்தின் வேர் உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் உள்ளது. பாலைநிலத்தில் 40 ஆண்டுகள் அலைந்த இசுரவேலர் வளமான நாட்டில் குடியேறவிருக்கும் வேளையில் மோசே அவர்களை எச்சரிக்கின்றார். உண்டு நிறைந்து, நல்ல வீடுகள் கட்டி, ஆடுமாடுகள் பெருகும்பொழுது உள்ளம் உயரும்; இச்செல்வத்தை என் கைவலிமையே ஈட்டியது என்னும் எண்ணம் எழும் என்கின்றார். வீடு கட்டுவதும் மந்தை வளர்ப்பதும் ஈண்டுக் குற்றமாகக் கூறப்படவில்லை. பெற்றதைப் பெற்றதென நினையாது மறத்தலே குற்றம்.

இரு செல்வர்

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் அறிவற்ற செல்வன் இம்மறதிக்கு உருவமாக நிற்கின்றான். அவன் எவரையும் ஏமாற்றியதாகக் கதை கூறவில்லை. அவனது நிலம் நன்கு விளைந்தது, அவ்வளவே. ஆயின் களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணி அவன் தன்னோடு பேசும் சிறு உரையில், 'என்' என்னும் உடைமைச்சொல் கிரேக்க மூலத்தில் குறைந்தது நான்கு முறை வருகின்றது. விளைச்சல், களஞ்சியம், உடைமை, உயிர் ஆகிய அனைத்தும் அவனுக்கு 'என்னுடையவை'. அன்றிரவே அவனது உயிர் திரும்பக் கேட்கப்படுகின்றது.

16ஆம் அதிகாரத்துச் செல்வனின் கதை இன்னும் நுட்பமானது. அவனுக்குப் பெயரில்லை, அவன் வாயிலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு லாசரு என்னும் பெயருண்டு. இயேசு கூறிய உவமைகளில் பெயர் சுட்டப்பெறும் மாந்தர் அரியர். இறந்தபின் வேதனையில் கிடக்கும் செல்வன் ஆபிரகாமிடம், தன் நாவைக் குளிர்விக்க லாசருவை அனுப்புமாறு வேண்டுகின்றான். பின்னர்த் தன் உடன்பிறந்தாரிடம் செய்தி சொல்லவும் அவனையே அனுப்பக் கேட்கின்றான். செல்வம் முற்றும் நீங்கிய பின்னும் லாசரு அவனுக்கு ஏவலாளாகவே தோன்றுகின்றான். செருக்கு பொருளோடு ஒழிவதன்று என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

நற்செயலில் பிறக்கும் செருக்கு

18ஆம் அதிகாரத்தில் செருக்கு வேறொரு வடிவம் கொள்கின்றது. கோயிலில் வேண்டும் பரிசேயன் வாரத்தில் இருமுறை நோன்பிருப்பவன். வருவாய் அனைத்திலும் பத்திலொரு பங்கு கொடுப்பவன். மோசேயின் சட்டம் விதித்த நோன்போ ஆண்டிற்கு ஒரு நாளே. எனவே அவனைப் போலியெனத் தள்ளுதல் கதையை எளிமைப்படுத்துவதாகும். அவனது நன்மை உண்மையானது. அருகில் நிற்கும் ஆயக்காரனை அளவுகோலாகக் கொண்டு அதனை அளந்ததே அவனது வீழ்ச்சி.

இக்கதையைக் கற்பிப்போர்க்கு ஓர் இடர் உண்டு. 'நான் அப்பரிசேயனைப் போன்றவனல்லன்' என்று எண்ணிய கணமே வாசகர் அவனது இடத்தில் நிற்கின்றார். கல்வியைச் செல்வமாகப் போற்றும் நம் போன்றோர் இதனை ஊன்றிக் கருதுதல் வேண்டும். கற்றதும் பெற்றதே, அதனைக் கொண்டு கல்லாதாரை அளப்பது அப்பரிசேயனின் வேண்டுதலையே வேறு சொற்களில் கூறுவதாகும்.

எரிகோவில் கிடைக்கும் விடை

அதே அதிகாரத்தில் செல்வரான தலைவர் ஒருவர் இயேசுவிடம் வருகின்றார். உள்ளவற்றை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு கூறப்பட்டபொழுது அவர் மிகவும் துயருறுகின்றார். அவ்வாறாயின் மீட்புப் பெறுவோர் யார் என்று கேட்டவர் வினவுகின்றனர். அடுத்த அதிகாரத்தில் வரும் சக்கேயுவின் நிகழ்ச்சி அவ்வினாவிற்கு விடையாக அமைகின்றது. எரிகோவில் ஆயக்காரர் தலைவராகவும் செல்வராகவும் விளங்கிய அவர், குள்ளமானவராதலின், இயேசுவைக் காணச் சிறுவரைப்போல் ஓடிக் காட்டத்தி மரத்தில் ஏறுகின்றார். மதிப்பை இழக்கத் துணிந்த அச்செயலிலேயே பணிவு தொடங்கிவிடுகின்றது.

பின்னர்த் தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், எவரிடமேனும் வஞ்சித்துப் பெற்றிருப்பின் நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவர் கூறுகின்றார். குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்வோர் முதலுடன் ஐந்திலொரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பதே சட்டம். தலைவரிடம் கேட்கப்பட்டது முழுமை. சக்கேயு அளித்தது பாதி. எனினும் மீட்பு அவ்வீட்டிற்கு வந்ததென இயேசு அறிவிக்கின்றார். ஆகவே கொடையின் அளவு முடிவான அளவுகோலன்று. ஏழையும் வஞ்சிக்கப்பட்டவனும் செல்வரின் கண்ணுக்குப் புலப்பட்டனரா என்பதே வினா.

சொல் குறித்து ஒரு விளக்கம்

பணிவைக் குறிக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொல்லின் வேர், அக்காலக் கிரேக்கர் வழக்கில் பெரும்பாலும் இழிநிலையைச் சுட்டியது. இழிவெனக் கருதப்பட்டதைப் புதிய ஏற்பாடு பண்பாக உயர்த்தியது. தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஒரு பொருள்மாற்றம் காணப்படுகின்றது. திருக்குறளின் 98ஆம் அதிகாரத்திற்குப் 'பெருமை' என்பது பெயர்; அங்கு அது சான்றாண்மை சார்ந்த உயர்பண்பு. விவிலியத் தமிழிலோ அச்சொல் பல இடங்களில் செருக்கைக் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை விளக்காது இரு நூல்களையும் ஒப்பிட்டால், அவை மோதுவதாக மாணவர் மயங்குவர். உண்மையில் பெருமை என்றும் பணியும் என்பதே வள்ளுவர் கருத்து; பணிதல் அனைவர்க்கும் நன்றெனினும் செல்வர்க்கு அது மற்றுமொரு செல்வம் என்றும் அவர் கூறுகின்றார்.

முடிவுரை

தீமோத்தேயுவிற்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் தீமைக்கு வேராகச் சுட்டுவது பணத்தையன்று, பண ஆசையை. செல்வர் இறுமாப்புக் கொள்ளாது தாராளமாகப் பகிர வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகின்றது. இதனால் செல்வம் தீங்கற்றது என்பது பெறப்படாது. பிறரை மறைக்கும் திரையாக அது எளிதில் மாறும் என்பதே லூக்காவின் எச்சரிக்கை. அத்திரை பொன்னாலும் நெய்யப்படலாம். நோன்பாலும் கல்வியாலும் நெய்யப்படலாம். அதனை விலக்கி, வாயிலில் கிடப்பவரைப் பெயரோடு அறிவதே விவிலியம் கூறும் பணிவு எனலாம்.