ஊர்ப் பெயரும் சொத்துதான்

காத்தான்குடிக் கடைக்குச் சாரன் வாங்க வருபவர் "மருதமுனைச் சாரன் இருக்கா?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியே தறிக்காரரின் முதல். இயந்திரத்தில் நெய்ததற்கு அதே பெயரை ஒட்டி விற்றால் நட்டம் அவருக்கு. வாங்கியவர் ஏமாந்தது தனிக் கணக்கு. அது ஹராம் என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

பொருள் எந்த ஊரில் உண்டானது என்பதில் மக்களை மயக்கும் பெயர்களை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர்களைப் பதிவதற்கான ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நமது கறுவாவை 'சிலோன் சினமன்' என்று பதிந்தது. இவ்வகையில் இலங்கைக்கு அங்கே கிடைத்த முதல் பதிவு அது.

சாரனுக்கும் இந்த வழி உண்டு. ஆனால் சொந்த நாட்டில் பாதுகாப்பில்லாத பெயரைப் பிறநாடுகள் பாதுகாக்க வேண்டியதில்லை என்பது, 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் 'ட்ரிப்ஸ்' உடன்படிக்கை. ஆகவே வேலை கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தொடங்குகிறது. ஊர்ப் பெயர் ஒரு முதலாளியின் தனிச் சொத்தாகாது. தறிக்காரர் ஒன்றுகூடி, நூல் இது, சாயம் இது, நெசவு இப்படி என்று எழுத்தில் வைக்க வேண்டும். நம்மவருக்குச் சிரமம் அந்த ஒன்றுகூடலில்தான்.