ஒளிப்படமும் ஊக்குவோரும்

ஒளிப்படக் கலை தனிமையில் பயிலத்தக்கது போலத் தோன்றும். அது வளர்ந்ததோ கூட்டத்தில்தான். 1857-இல் அலெக்சாண்டர் ஹண்டர் முன்னின்று சென்னையில் ஒளிப்படக் கழகமொன்றை நிறுவினார். அக்கழகம் இன்றும் இயங்குகிறது.

நம் சேலத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அரசின் ஒளிப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இராயக்கோட்டையைப் படமெடுத்தார். அத்தொகுதி 1858-இல் வெளியாயிற்று. மெழுகூட்டிய தாளே அவருக்குப் படச்சுருள்! மறு ஆண்டே ஆளுநர் டிரெவெலியன், இஃது ஆடம்பரச் செலவென்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். ஆதரவு அற்றதும், அத்தகைய கைத்திறனும் பெரும்பாலும் ஓய்ந்துபோயிற்று.

பணி ஓய்வுக்குப்பின், முப்பதாண்டுகள் உறங்கிய காமிராவை நானும் எடுத்தேன். அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில் மண்டபமே என் பயிற்சிக்கூடம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே நிழல். துளை எண்ணை 8-இலிருந்து 5.6-க்கு மாற்றினால் இருமடங்கு ஒளி நுழையும். 4-க்கு மாற்றினால் நான்கு மடங்கு. ஆனால் துளை பெருகப் பெருகத் தெளிவின் ஆழம் சுருங்கும். முன்தூண் துலங்க, பின்தூண் மங்கிவிடும். ஆதலால் 8-லேயே வைத்து, முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒளி புகும் நேரத்தை நீட்டினேன்.

படத்தை நண்பர் குழுவில் காட்டினேன். புகழ்ச்சி எளிது, நான் வேண்டியது அதுவன்று. அவர்களுள் தச்சர் ஒருவர், "தூணெல்லாம் தெளிவாக இருக்கிறது ஐயா! வெயில் பக்கவாட்டில் சாயும்போது எடுத்தால் செதுக்கல் எழுந்து நிற்குமே" என்றார். உளி பிடித்தவர் கண் அல்லவா! மறுநாள் மாலை நான்கு மணிக்கே முக்காலியோடு போய்விட்டேன்.