செவ்வொளியின் சொந்த ஊர்

பெங்களூரில் ஒரு தமிழரைச் சந்தித்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே. வானில் தோன்றிய ஓர் ஒளியைக் குறித்தும் அக்கேள்வி எழுகிறது.

2024 மே 10ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், லடாக்கிலுள்ள ஹான்லேயில் வடவானம் செந்நிறம் பூண்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் காமிராக்கள் அதைப் பதிவு செய்தன. துருவ நாடுகளுக்கே உரிய ஒளி அது. எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து ஆக்ஸிஜன் அணுக்களை மோதுவதால் அது உண்டாகிறது. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாகவும் ஒளிரும். நெடுந்தொலைவிலுள்ள ஹான்லேக்கு உயரத்துச் செவ்வொளி மட்டுமே புலனாயிற்று.

அந்த எலெக்ட்ரான்கள் சூரியனிலிருந்து நேரே வந்தனவா? பெரும்பாலும் இல்லை. சூரியக் காற்று பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாக இழுத்துவிடுகிறது. சூரியனும் நமது வாயுமண்டலமும் அளித்த எலெக்ட்ரான்கள் அவ்வாலில் தங்குகின்றன. அங்கே காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது, அவை விசை பெற்றுத் துருவங்களை நோக்கி விரைகின்றன. 2008 பிப்ரவரி 26 அன்று, அமெரிக்காவின் ஐந்து தெமிஸ் செயற்கைக் கோள்கள், சந்திரனின் தூரத்தில் மூன்றிலொரு பங்கில் இதனைக் கண்டறிந்தன. ஏறத்தாழ ஒன்றரை நிமிஷத்தில் துருவ ஒளி பொலிவுற்றது.

பெரும்புயலின்போது காந்தக் கோடுகளே உருக்குலைவதால், வந்த வழியைப் பின்தொடர்வது எளிதன்று. ஆயினும் வழியறிந்தால்தான், அத்துகள்களால் செயற்கைக் கோள்களுக்கு நேரும் தீங்கை முன்னறிந்து காக்க இயலும்.