உறைக்குள் இருக்கும் வில்

பழங்கால கார்களின் அணிவகுப்பில் கூட்டம் முகப்பு விளக்குகளின் முன்னால்தான் நிற்கும். நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்ப்பவன். அண்மையில் அப்படிப் பார்த்த சில கார்களில் வில்பட்டைகள் கண்ணாடிபோல் குரோமியம் பூசப்பட்டுப் பளபளத்தன. வேறு சிலவற்றில் கெட்டியான கறுப்பு வண்ணத்தில் பட்டைகளெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. புகைப்படத்துக்கு அழகுதான். ஆனால், அந்த கார்களில் ஏறி நெடுஞ்சாலையில் போக எனக்குத் துணிவு வராது.

லீஃப் ஸ்பிரிங் எனப்படும் இந்த வில்பட்டை நமக்குப் புதிதல்ல. வசதி படைத்தவர்கள் வைத்திருந்த மாட்டு வண்டியை ‘வில் வண்டி’ என்று அழைத்தது இதனால்தான். குதிரை வண்டியிலிருந்து காருக்கு வந்த உறுப்பு இது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி, முன்னும் பின்னும் இரண்டு குறுக்கு வில்களின் மீதே நின்றது. அம்பாசிடரின் பின்பக்கத்தைக் கடைசிவரை தாங்கியதும் இதுவே. எடையைத் தாங்குவதோடு இதன் வேலை முடிவதில்லை. பல கார்களில் அச்சை அதன் இடத்தில் நிறுத்துவதும், பிரேக் பிடிக்கும்போது எழும் முறுக்கைச் சட்டகத்துக்குக் கடத்துவதும் இந்தப் பட்டைகள்தான். கண்ணி உள்ள முதல் பட்டை முறிந்தால் அச்சே இடம்பெயரும். அதை அலங்காரப் பொருளாக நடத்துவது விளையாட்டல்ல.

வில் வளையும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உரசுகின்றன. அளவான உராய்வு நல்லது. குலுங்கலை அதுவே அடக்குகிறது. துரு ஏறிவிட்டாலோ, ஏழெட்டுப் பட்டைகளும் சேர்ந்து ஒரே தடித்த இரும்புத் துண்டுபோல் நடந்துகொள்ளும். இதைத் தடுக்கத்தான் 1920, 30களின் உயர்தர கார்களில் வில்லுக்கு உறை போட்டார்கள். ரோல்ஸ்ராய்ஸ், பென்ட்லி போன்ற பிரிட்டிஷ் கார்களில் தோலுறையைப் பூட்ஸ்போலக் கயிறு கோத்து இறுக்கினார்கள். அமெரிக்க கார்கள் சிலவற்றில் தகட்டுறை இருந்தது. கிரீஸ் உள்ளே தங்க வேண்டும், புழுதியும் நீரும் வெளியே நிற்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால், தோல் வெடித்து ஒருமுறை நீர் புகுந்துவிட்டால், காக்க வந்த உறையே அதை வெளியேறவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே மெருகிட்ட தோல், உள்ளே செதில் செதிலாக உதிரும் இரும்பு. புதுப்பிக்கும் வேலையின் நேர்மை சோதிக்கப்படும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

கழற்றுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் சட்டகத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் வரிசை எண்ணையும் முன்பின் திசையையும் குறித்துவைக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இடது, வலது வில்களின் வளைவு சில கார்களில் வேறுபடும். நடு போல்ட்டைக் கழற்றும்போது பட்டைகள் துள்ளிச் சிதறும் என்பதால், கிளாம்பு போட்டு மெல்லத் தளர்த்துவதே முறை. அவை துள்ளுவதற்குக் காரணம் உண்டு. கீழே உள்ள ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்றே அதிகமாக வளைக்கப்பட்டிருக்கும். இறுக்கிப் பிணைத்ததும் கீழ்ப்பட்டைகள் முதல் பட்டையைத் தாங்கிப் பிடித்து, அதன் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. இந்த நுட்பம் தெரியாமல் எல்லாப் பட்டைகளையும் ஒரே வளைவுக்குக் கொண்டுவரும் கைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிரித்த பட்டைகளைச் சுத்தம் செய்ததும் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கீழ்ப்பட்டையின் நுனி உரசிய இடத்தில், மேற்பட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். விரிசல் பெரும்பாலும் அங்கேயோ நடுத்துளையின் ஓரத்திலோ பிறக்கிறது. சிவப்புச் சாயத் திரவத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலும் சிவந்த கோடாக எழும். அத்தகைய பட்டைக்கு வெல்டிங் மருந்தல்ல. அதை மாற்றத்தான் வேண்டும்.

விரிசலில்லாமல் வெறுமனே தளர்ந்துபோன பட்டையைக் காப்பாற்றலாம். இது நூற்றுக்கு அரைப் பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல் கரி கலந்த எஃகு. ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் குளிர்வித்து, மீண்டும் 400, 500 டிகிரியில் பதப்படுத்தினால்தான் அது வில்லாகும். கேஸ் டார்ச்சால் ஓரிடத்தை மட்டும் சிவக்கவைத்து வளைத்தால், அந்த இடம் பதமிழந்து சாதாரண இரும்பாகிவிடும். குரோமிய முலாம் இன்னும் ஆபத்தானது. முலாம் பூசும்போது உருவாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து, எச்சரிக்கையின்றி முறியும் தன்மையை அதற்குத் தந்துவிடும். லாரித் தொழில் செழித்த நாமக்கல் போன்ற ஊர்களில் பட்டை காய்ச்சும் கைகள் இன்னும் இருக்கின்றன. பழங்கால கார் வைத்திருப்பவர்களில் பலர் அவர்களைத் தேடிப் போவதில்லை. மெருகு போடுபவர்களைத்தான் தேடுகிறார்கள்.

இந்த மனப்போக்குக்குச் சட்டமும் ஓரளவு இடம்தருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவில் பேணப்படும், பெரும் மாற்றத்துக்கு உள்ளாகாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் ‘விண்டேஜ்’ என வரையறுக்கப்பட்டன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பெரும் மாற்றம் என்று விதி கருதுவது சட்டகம், கூடு, எஞ்ஜின் ஆகியவற்றில் செய்யப்படும் மாற்றங்களை. வில்பட்டை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே, முலாம் பூசிய பட்டையோடும் ஒரு கார் ‘மூல வடிவம்’ என்ற பெயரைப் பெற்றுவிடலாம். முறிந்த பட்டைக்குப் பதிலாக அதே எஃகில், அதே வளைவில் செய்த புதிய பட்டை அசல் தன்மையைக் கெடுப்பதில்லை என்பேன். அசல் பட்டையின் பதத்தைக் கெடுத்து மேலே மினுக்குவதுதான் கெடுக்கிறது.

உறைக்கு வருவோம். யூ போல்ட்டுகள் நடுவில் குறுக்கிடுவதால், நீளவாக்கில் அமைந்த ஒரு வில்லுக்கு அச்சின் முன்னும் பின்னுமாக இரண்டு உறைகள் தேவை. அத்தகைய நான்கு வில்கள் உள்ள காருக்கு எட்டு. அடுக்கின் தடிமன் நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போவதால், பல இடங்களில் அளந்து, முதலில் தாளில் வெட்டிப் பார்ப்பது நல்லது. தோலுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் பிரிட்டனுக்குக் கப்பலேறிய வரலாறு நமக்கு உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: மரப்பட்டையில் பதனிட்ட தோலில் உள்ள டானின், ஈரம் பட்டால் இரும்பைக் கறுக்கவைக்கும். ஆகவே, எண்ணெயில் ஊறிய கம்பளித் துணியை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். பட்டைகளுக்கு இடையே மெல்லிய கிராஃபைட் கிரீஸ் போதும். அங்கே தடித்த வண்ணம் கூடாது.

கண்காட்சிகளில் பரிசளிக்கும் நடுவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மதிப்பெண் போடுவதற்கு முன் உரிமையாளரிடம் ஏதேனும் ஒரு தோலுறையின் கயிற்றை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பட்டை பழையது, எது புதியது, யார் காய்ச்சியது என்று எழுதிவைத்த குறிப்பையும் கேளுங்கள். அவிழ்க்கவும் திரும்பக் கட்டவும் பத்து நிமிடம் ஆகும்.