விமானந்தாங்கிக் கப்பலின் தோற்றமும் வளர்ச்சியும்

மட்டக்களப்புக் கரைக்குச் சில மைலுக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒரு பெருங் கப்பல் பக்கஞ் சாய்ந்து கிடக்கின்றது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகளால் ஆழ்ந்துபோன 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியக் கப்பலே அது. விமானந் தாங்குதற்கென்றே அடிமுதலாகத் திட்டமிட்டு வரையப்பட்ட முதற் கப்பல் என்னும் பெருமை அதற்குண்டு. அத்தகைய கப்பல் தன் இறுதி நாளில் தாக்குதற்குரிய விமானம் ஒன்றேனும் இன்றி வெறுந் தளத்தோடு நின்றது என்பது வியப்பும் இரக்கமும் ஒருங்கே தருஞ் செய்தியாகும். அதன் பொருளை நன்குணர வேண்டுமாயின், இவ்வகைக் கப்பல் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு தொழிற்படுகின்றது என்பவற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

கப்பலிலிருந்து விமானம் எழுதல் அத்துணை அரிய செயலன்று. திரும்பி வந்து கப்பலில் இறங்குதலே அரிது. இவ்வகைக் கப்பலின் வரலாறு முழுவதும் இவ்வொரு சிக்கலைச் சுற்றியே வளர்ந்தது எனினும் பொருந்தும். 1910 ஆம் ஆண்டு நவம்பர் 14 இல், அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையோரத்தே, யூஜீன் ஈலி என்பார் 'பேர்மிங்காம்' என்னுங் கப்பலின் முன்புறத்திற் கட்டிய மரமேடையிலிருந்து விமானத்திற் கிளம்பினார். மேடையை விட்டகன்ற விமானம் தாழ்ந்து நீரைத் தொட்டெழுந்ததாயினும், அவர் நலமே கரை சேர்ந்தார். அடுத்த ஆண்டு சனவரி 18 இல் சான் பிரான்சிஸ்கோக் குடாவில் நின்ற 'பென்சில்வேனியா'க் கப்பலின் பின்புற மேடையில் இறங்கியும் காட்டினார். அம்மேடையின் குறுக்கே பல கயிறுகள் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கயிற்றின் இரு நுனியிலும் மணல் மூட்டைகள் கட்டப்பட்டிருந்தன. விமானத்தின் அடியிலிருந்த கொளுக்கிகள் அக்கயிறுகளைப் பற்ற, மூட்டைகளின் பாரம் விமானத்தை இழுத்து நிறுத்தியது. இன்று பல தொன் எடையுள்ள விமானங்களை உருக்கு வடங்கள் பிடித்து நிறுத்துவதும் இதே முறையின் வளர்ச்சியே. ஈலியோ அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே, தரைமீது நிகழ்ந்த விமானக் காட்சியொன்றில் விபத்துற்று இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 24.

ஈலி வழி காட்டியிருந்தும், கடற்படையினர் உடனே அவ்வழிச் சென்றாரல்லர். சில்லுகளுக்குப் பதிலாக மிதவைகள் பூட்டிய நீர்விமானங்களையே அவர்கள் பெரிதும் நம்பினர். அவற்றைப் பாரந்தூக்கியால் கடலில் இறக்கி, பறந்து மீண்டபின் தூக்கி எடுத்தனர். அமைதியான குடாவில் இம்முறை நன்கு நடந்தது. அலை எழும் நடுக்கடலில் மிதவைகள் நொறுங்கின. அன்றியும், விமானத்தை இறக்கி ஏற்றுதற்காகக் கப்பல் அசையாது நிற்க வேண்டியிருந்தது. நீர்மூழ்கிகள் திரியுங் கடலில் நிற்குங் கப்பல் பகைவனுக்கு எளிதிற் கிடைத்த இலக்காகும். ஆகவே, சில்லுடைய விமானம் ஓடும் கப்பலிலேயே இறங்க வேண்டும் என்ற எண்ணம் முதலாம் உலகப் போரின் நடுவே வலுப்பெற்றது.

இங்கே ஓர் எளிய கணக்கை நோக்குவோம். ஒரு விமானம் மணிக்கு 45 மைல் வேகத்திற்குக் குறையாது காற்றை ஊடுருவிச் சென்றாலன்றி விழுந்துவிடும் எனக் கொள்வோம். கப்பல் 25 மைல் வேகத்தில் காற்றை எதிர்த்துச் செல்கின்றது. காற்றோ 20 மைல் வேகத்தில் எதிரே வீசுகின்றது. இரண்டுங் கூடிய வேகத்திற் காற்றுத் தளத்தின்மேற் பாயும். ஆகவே காற்றைக் கிழித்து 45 மைல் வேகத்தில் வரும் விமானம் தளத்தை நோக்க ஏறக்குறைய அசையாதிருக்கும். விமானம் எழும்போதும் இறங்கும்போதும் விமானந்தாங்கிக் கப்பல் காற்றை நோக்கித் திரும்புவதன் காரணம் இதுவே. பகைவன் நிற்குந் திசையிலிருந்தே காற்று வீசினும் அத்திசை நோக்கித் திரும்பியே ஆகவேண்டும் என்பது இதனால் விளையும் இடுக்கண்.

1917 ஓகஸ்ட் 2 ஆம் நாள், ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஸ்கப்பா புளோவில், எட்வின் டன்னிங் என்னும் அதிகாரி இக்கணக்கை மெய்ப்பித்தார். ஓடிக்கொண்டிருந்த 'பியூரியஸ்' கப்பலின் பக்கமாகப் பறந்துவந்து, நடுவில் நின்ற கோபுரத்தைச் சுற்றி வளைந்து, முன்புறத் தளத்தின்மேல் மெல்லத் தாழ்ந்தார். தளத்தில் நின்ற தோழர்கள் விமானத்திற் கட்டியிருந்த வார்களைக் கைகளாற் பற்றி இழுத்து இறக்கினர். ஓடுங் கப்பலில் விமானம் இறங்கியது அதுவே முதன்முறை. ஐந்து நாட்களின் பின் மீண்டும் முயன்றபோது விமானம் தளத்தின் விளிம்பைக் கடந்து கடலில் வீழ்ந்தது. டன்னிங் உயிர் துறந்தார்.

டன்னிங்கின் மரணம் உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. கப்பலின் நடுவே கோபுரமும் புகைபோக்கியும் நிற்குமளவும் விமானமோட்டிக்குப் பாதுகாப்பில்லை. 1918 யூலையில் அதே 'பியூரியஸ்' கப்பலிலிருந்து எழுந்த ஏழு விமானங்கள் தொண்டேர்ன் என்னுமிடத்திலிருந்த ஜேர்மன் ஆகாயக் கப்பற் கொட்டகையைத் தாக்கி இரு செப்பலின்களை எரித்தன. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் மீண்டு அத்தளத்தில் இறங்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிற் பணிக்கு வந்த 'ஆர்கஸ்', இத்தாலிய நிறுவனத்திற்காகக் கட்டப்பட்டு வந்த பயணிகள் கப்பலொன்றை மாற்றி அமைத்தது. அதன் மேற்றளம் ஒரு முனை தொடங்கி மறு முனை வரை ஒரு தடையுமின்றி விளங்கிற்று.

பிற கப்பல்களைத் திருத்தியமைப்பதை விடுத்துப் புதிதாகவே வரையப்பட்டது 'ஹேர்மிஸ்'. 1918 சனவரியில் அதன் வேலை தொடங்கியது. போர் முடிந்தபின் வேலை தளர்ந்தமையால் 1924 இலேதான் அது பணியில் அமர்ந்தது. இதற்கிடையில் யப்பானியர் தாம் பிந்தித் தொடங்கிய 'ஹோஷோ'வை விரைந்து முடித்து, 1922 டிசம்பரிற் கடலில் விட்டனர். எனவே முதலில் வரையப்பட்ட பெருமை ஒன்றற்கும் முதலில் முடிக்கப்பட்ட பெருமை மற்றொன்றற்கும் ஆயிற்று. 'ஹேர்மிஸ்' கப்பலில் கோபுரமும் புகைபோக்கியும் வலப்பக்க ஓரத்தில் ஒதுக்கப்பட்டன. அக்காலத்து விமானமோட்டிகள் அபாயத்தில் இடப்பக்கமே திரும்பும் வழக்கமுடையவர் ஆதலின் அவ்வாறு அமைத்தனர் என்பர். அவ்வமைப்பே இன்றளவும் நிலைத்துவிட்டது. குறையென்று கூறின், கப்பல் சிறிது. இருபது விமானங்களுக்கு மேல் அது கொள்ளாது.

1922 ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை பெரும் போர்க்கப்பல்களின் தொகையைக் கட்டுப்படுத்தியமையால், பாதி கட்டிய கப்பல்கள் விமானந்தாங்கிகளாக மாறின. அமெரிக்கரின் 'லெக்சிங்டன்', 'சரட்டோகா', யப்பானியரின் 'அக்காகி', 'காகா' என்பன அவ்வாறு தோன்றியவை. ஆயினும் பீரங்கிக் கப்பலே கடலின் அரசன் என்ற கொள்கை கடற்படைத் தலைவர் பலரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1940 நவம்பரில் 'இலஸ்ட்ரியஸ்' கப்பலிலிருந்து சென்ற 21 பழைய இருதட்டு விமானங்கள், இத்தாலியின் டாரண்டோத் துறைமுகத்தில் மூன்று பெரும் போர்க்கப்பல்களை ஓர் இரவிற் சிதைத்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 7 இல் ஆறு யப்பானிய விமானந்தாங்கிகள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபின் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

அவ்வாறனுள் ஐந்து, நகுமோ என்னுந் தளபதியின்கீழ், 1942 ஏப்பிரிலில் இந்து சமுத்திரத்துட் புகுந்தன. கொக்கலையிலிருந்து சென்ற கனேடிய விமானமோட்டி லெனார்ட் பேர்ச்சோல் 4 ஆம் நாள் அப்படையைக் கண்டு, தம் விமானம் வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. கடலிலே 'கோர்ண்வால்', 'டோர்செற்ஷயர்' என்னும் இரு குரூசர்களும் அன்றே ஆழ்ந்தன. தலைநகரை விட்டு மக்கள் ஊர்களுக்கு விரைந்த கதையை மூத்தோர் வாயிலாகக் கேட்டோர் நம்மிற் பலராவர்.

திருக்கோணமலைக்கும் தாக்குதல் வருமென அறிந்து, 8 ஆம் நாள் மாலை 'ஹேர்மிஸ்' துறைமுகத்தை விட்டு அவசரமாக வெளியேறித் தெற்கு நோக்கிச் சென்றது. மற்றொரு பணிக்காகச் சித்தஞ்செய்யப்பட்டிருந்த அக்கப்பலின் விமானங்கள் கரையிலே இருந்தன; அவற்றை ஏற்ற வாய்ப்பில்லை. மறுநாட் காலை யப்பானிய வேவு விமானமொன்று அதனைக் கண்டுவிட்டது. கரையிலிருந்து துணைவிமானங்கள் வேண்டுமென்று விடுத்த செய்திகள் உரிய வேளையிற் பயன் தரவில்லை. ஏறக்குறைய 80 குண்டுவீச்சு விமானங்கள் திரண்டு வந்தன. முதற் குண்டு விழுந்து இருபது நிமிடத்துள் கப்பல் மறைந்தது. தலைவர் உட்பட 307 பேர் மாண்டனர். உடன்சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான 'வம்பயர்' சிறிது நேரத்தில் அதனைத் தொடர்ந்து ஆழ்ந்தது. 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறக்குறைய அறுநூறு பேரைக் கடலிலிருந்து மீட்டது.

அந்நிகழ்ச்சியைக் கப்பற்றலைவரின் தவறு என்று சிலர் கூறுவது நீதியன்று. விமானந்தாங்கியின் வாளும் கேடயமும் விமானமே. கவசத்தால் தன்னைக் காக்கும் பழைய போர்க்கப்பலைப்போன்று அது கட்டப்படவில்லை. எரிநெய்யும் வெடிமருந்தும் வயிற்றிற் சுமக்குந் தளம் அது. விமானமுள்ள கப்பல்களும் இதனின் தப்பினவல்ல. இலங்கையைத் தாக்கிய 'அக்காகி', 'சோரியு', 'ஹிரியு' என்னும் மூன்றும், இரண்டு மாதங்கள் கழிந்து மிட்வேயில் 'காகா'வுடன் எரிந்தழிந்தன. அவற்றுள் மூன்று கப்பல்கள் குண்டுபட்டது சில நிமிடங்களுள் எனின், இவ்வகைப் போரின் தன்மை விளங்கும்.

போரின்பின் ஜெற் விமானங்கள் வந்தபோது பழைய சிக்கல் புத்துருவெடுத்தது. வேகமாக இறங்கும் விமானம் வடத்தைப் பற்றத் தவறின், முன்னே நிறுத்தியுள்ள விமானங்களின்மேல் மோதும். இறங்குந் தளத்தை இடப்பக்கமாகச் சிறிது சரித்து அமைத்தால், தவறிய விமானம் தடையின்றி மீண்டெழலாம் என 1951 இல் டெனிஸ் கம்பெல் என்னும் பிரித்தானிய அதிகாரி கண்டார். இதனோடு, விமானத்தை நீராவியால் உந்தி எறியும் பொறியும், இறங்குவோனுக்கு வழிகாட்டும் கண்ணாடியும் சேர்ந்தன. மூன்றும் பிரித்தானியர் கண்டவையே. அவற்றால் மிகுந்த பயன் கொண்டவரோ அமெரிக்கர். 1961 இல் அவர் பணியில் அமர்த்திய 'என்ரர்பிறைஸ்', அணுசக்தியால் இயங்கிய முதல் விமானந்தாங்கி.

'ஹேர்மிஸ்' என்னும் பெயரும் கடலோடு மறையவில்லை. 1959 இற் பணியேற்ற மற்றொரு விமானந்தாங்கிக்கு அதனையே சூட்டினர். 1982 இல் போக்லண்ட் போரில் தலைமைக் கப்பலாயிருந்த அது, பின்னர் இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 1987 தொடக்கம் 2017 வரை 'விராட்' என்னும் பெயரோடு, முன்னைய 'ஹேர்மிஸ்' துயிலும் இதே சமுத்திரத்தில் உலாவிற்று. பிந்தியதைக் குஜராத்தின் அலாங் கடற்கரையில் உடைத்துவிட்டனர். முந்தியது மட்டக்களப்புக் கடலடியில் இன்னும் கிடக்கின்றது. ஆழமுழுகுவோர் அதன் பீரங்கிகளைக் கண்டு மீள்கின்றனர்.